கோடை விடுமுறையும் ஆராய்ச்சி ஊதியமும்



மரக்காணத்தை அடுத்துக் கடலோரத்தில் எக்கியார்குப்பம் என்றொரு மீனவர் சிற்றூர் உண்டு. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் சற்றுத் தொலைவில் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளங்கள். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், எஞ்சிய நாட்களை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லிக் கொடுப்பதில் கழித்து வருகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் திங்களின் இறுதியில் ஒரு நாள், எக்கியார்குப்பத்துப் பெண் ஒருத்தி தன் தாயுடன் என் இல்லத்துக்கு வந்தாள். அப்போதுதான் அரசுக் கல்லூரியில் வேதியியல் இளங்கலை முதலாண்டுத் தேர்வை எழுதி முடித்திருந்தாள். அவள் கையில் செய்தித்தாள் துண்டு ஒன்று இருந்தது. கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் தங்கி, விஞ்ஞானிகளோடு சேர்ந்து பணி செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தது. பெண் பேசுமுன் தாய் கேட்டாள்: "ரெண்டு மாசத்துக்கு எவ்வளவு கட்டணும், ஐயா?"

அக்கேள்வியை நான் இன்றும் மறக்கவில்லை. அந்தத் தாய் உப்பளத்தில் உப்பு வாரும் கூலித் தொழிலாளி. தந்தை விசைப்படகில் வேலைக்குச் செல்பவர். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லக் கூடாதென்பது விதி. மீன்வளம் பெருகுதற்கு வேண்டிய நல்ல விதிதான்; அரசும் நிவாரணத் தொகை வழங்குகின்றது. ஆயினும் அந்த இரண்டு மாதமும் வீட்டில் வருவாய் சுருங்கிவிடும். உப்பளத்திலோ அதே மாதங்கள்தாம் வேலை மிகுந்த காலம். வெயில் கடுமையாகக் கடுமையாக உப்பு நன்கு விளையும்; கூடுதலாக ஒரு கை இருந்தால் கூடுதலாக ஒரு கூலி கிடைக்கும். ஆகவே கல்லூரிப் பிள்ளைக்கு விடுமுறையாக இருக்கும் அந்த இரண்டு மாதம், அக்குடும்பத்துக்கு இரண்டு மாதக் கூலியாகும். அதை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தொலைவில் அனுப்புவதென்றால், இன்னும் எவ்வளவு கட்ட வேண்டுமோ என்றுதானே தாயுள்ளம் அஞ்சும்?

நான் சொன்னேன்: "அம்மா, நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அவர்கள் உன் மகளுக்குக் கொடுப்பார்கள்."

தாய் நம்பவில்லை. "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஐயா காசு கொடுக்கணும்?" என்றாள்.

இன்றைய பேச்சு அந்த இரண்டாவது கேள்விக்குரிய விடையாகும். இளங்கலை விஞ்ஞான மாணவருக்குக் கோடையில் ஊதியத்துடன் ஆராய்ச்சிப் பயிற்சி அளிக்கும் வாய்ப்புகள் எவை, அவற்றை எப்படித் தேடுவது, எப்போது தேடுவது என்பவற்றை உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

எங்கள் தந்தையார் காலத்தில் இத்தகைய தொகையை உபகாரச் சம்பளம் என்று கூறுவார்கள். அச்சொல்லில் உபகாரமும் இருக்கின்றது, சம்பளமும் இருக்கின்றது. மாணவர்கள் பெரும்பாலும் முதற்பாதியை மட்டும் எண்ணிக் கூச்சமடைகின்றனர். பிற்பாதியையே நினைவில் வைக்க வேண்டுமென்பது என் கருத்து. ஆராய்ச்சிக்கூடத்தில் நீங்கள் செய்வது உழைப்பு. உழைப்புக்கு ஊதியம் உண்டு.

நம் நாட்டுக் கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கையைப் பாருங்கள். 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பட்டம் பெறாதவர், வறியவர். 1913-இல் வானிலைத் துறைத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் சென்னைக்கு வந்தபோது இராமானுஜனின் கணக்குகளைக் கண்டு, அவருக்கு உதவ வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பல்கலைக் கழகம் விதியைத் தளர்த்தி, 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. எழுத்தர் பணி நீங்கியது. நாள் முழுவதும் கணக்குக்கே உரியதாயிற்று. அந்த 75 ரூபாய் விலைக்கு வாங்கியது ஒரு மனிதனின் நேரத்தை. ஆராய்ச்சி உதவித்தொகை என்பதன் உட்பொருள் இதுவே. வயிற்றுப்பாட்டுக்காக வேறிடத்தில் செலவாக வேண்டிய நேரத்தை அது அறிவுப் பணிக்கு மீட்டுத் தருகின்றது.

மற்றோர் எடுத்துக்காட்டும் கூறுவேன். சந்திரசேகர் என்னும் வானியற்பியல் அறிஞரை அறிவீர்கள். 1983-இல் நோபெல் பரிசு பெற்றவர். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இளைஞராயிருந்தபோது, 1928-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கல்கத்தா சென்று, அங்கிருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கினார். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் அங்கே ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. உலகமே உற்று நோக்கிய ஆராய்ச்சிக்கூடத்தில் பதினேழு வயது மாணவர் ஒருவர் கோடையைக் கழிக்க முடிந்தது எப்படி? சர் சி. வி. ராமன் அவருடைய சிறிய தந்தையார்.

சந்திரசேகரின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆற்றலோடு ஒரு கதவும் திறந்திருந்தது என்பதையே சொல்கின்றேன். எக்கியார்குப்பத்துப் பெண்ணுக்கு ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கும் சிற்றப்பா இல்லை. உங்களில் பெரும்பாலோர்க்கும் இல்லை. அத்தகைய உறவினர் இல்லாதவர்க்கு நாடு அமைத்து வைத்திருக்கும் சிற்றப்பாதான் கோடை ஆராய்ச்சித் திட்டங்கள். இந்தச் சிற்றப்பா உங்களைத் தேடி வீட்டுக்கு வரமாட்டார். நீங்களே அவர் இருக்குமிடத்தை அறிந்து, முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும்.

எங்கெங்கே கேட்பது?

முதலாவதாக, மூன்று விஞ்ஞான அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித் திட்டம். பெங்களூரில் 1934-இல் ராமன் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாதெமி, புது தில்லியிலுள்ள இந்திய தேசிய விஞ்ஞான அகாதெமி, அலகாபாதில் அமைந்த தேசிய விஞ்ஞான அகாதெமி ஆகியவை அம்மூன்றும். தேர்ந்தெடுக்கப்படும் மாணவர் நாட்டிலுள்ள ஏதேனும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி ஒருவரிடம் இரண்டு மாதம் பணி செய்வார். மாத உதவித்தொகையும் உண்டு. இரயில் பயணச் செலவும் உண்டு. மாணவருக்கு மட்டுமன்றி ஆசிரியர்களுக்கும் இதில் இடமுண்டு என்பதை இங்குள்ள கல்லூரி ஆசிரியப் பெருமக்கள் குறித்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

இரண்டாவதாக, தனித்தனி நிறுவனங்கள் நடத்தும் திட்டங்கள். 1945-இல் தோன்றி, மும்பையில் அமைந்துள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், வருகை மாணவர் ஆராய்ச்சித் திட்டம் என ஒன்றை நடத்துகின்றது. அதன் பிரிவாகிய ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம், 2004 முதல் இளங்கலை மாணவர்களுக்கென்றே ஒரு தேசிய முயற்சியை நடத்தி வந்துள்ளது. பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயராய்ச்சி மையம் இரண்டு மாதக் கோடைத் திட்டத்தோடு, இளங்கலை மாணவர்கள் தொடர்ந்து மூன்று கோடைகள் வந்து பயிலும் வேதியியல், உயிரியல் திட்டங்களையும் நடத்தி வந்துள்ளது. சென்னைத் தரமணியில் 1962-இல் தொடங்கப்பெற்ற கணித விஞ்ஞான நிலையமும், இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சிக் கழகங்களும் கோடை மாணவர்களை ஏற்பதுண்டு.

மூன்றாவதாக, படிப்பு உதவித்தொகையோடு கோடை ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கும் திட்டம். மத்திய அரசு 2008-இல் தொடங்கிய இன்ஸ்பையர் திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தம் வாரியத்து மாணவர்களுள் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து, அடிப்படை விஞ்ஞானப் பட்டப் படிப்பில் சேர்ந்தவர்க்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. அதில் 60,000 படிப்புக்கு. 20,000 கோடையில் ஓர் ஆராய்ச்சியாளரிடம் பணி செய்வதற்கு. இந்தப் பின்பகுதி இருப்பதையே அறியாத மாணவர்களை நான் கண்டதுண்டு.

திட்டங்கள் என்றும் நிலைத்திருப்பவை அல்ல. இளம் விஞ்ஞானிகளை ஊக்குவிக்க 1999-இல் தொடங்கிய கிஷோர் வைஞானிக் திட்டம் பல்லாயிரம் மாணவர்களின் கனவாக விளங்கியது. அதன் தேர்வு 2022-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. ஆகவே அண்ணனோ அக்காளோ சொன்ன செய்தியை மட்டும் நம்பியிராமல், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை அந்தந்த நிறுவனத்தின் வாயிலாகவே படித்தறிய வேண்டும்.

தகுதி விதியையும் ஊன்றிப் படியுங்கள். எங்கள் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கின்றது. அருகிலிருப்பதால் அதையே முதலில் நாடலாம் என்று மாணவர்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் அதன் இயற்பியல், வேதியியல் கோடைப் பயிற்சி முதுகலை மாணவர்களை நோக்கி அமைந்தது. இவ்வாறே அமெரிக்க நாட்டின் தேசிய விஞ்ஞான நிறுவனம் 1987 முதல் இளங்கலை மாணவர்க்கு ஊதியத்துடன் ஆராய்ச்சி வாய்ப்பு அளித்து வருகின்றது. அதன் நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியேறியோர்க்கும் மட்டுமே உரியது. இவற்றை முன்னரே படித்தறிந்தால் வீண் முயற்சியும் வீண் ஏமாற்றமும் இல்லை.

இனி, எப்போது கேட்பது என்பதைக் கூறுகின்றேன். இதில் என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண் ஏப்ரல் இறுதியில் வந்தாள் என்றேன் அல்லவா? தாயை நம்பவைத்த மகிழ்ச்சியில், மறுநாளே நானும் அவளும் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். பிறகுதான் தெரிந்தது, அகாதெமிகளின் கடைசி நாள் முந்தின நவம்பரிலேயே கடந்துவிட்டதென்று. மற்றத் திட்டங்களுக்கும் காலம் முடிந்திருந்தது. எத்தனையோ ஆண்டுகள் தலைமை ஆசிரியனாக இருந்தவன் நான். என்னிடம் படித்துக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள் விடுமுறையில் வந்து வணங்கும்போதெல்லாம், "நன்றாக ஓய்வெடு, வீட்டுக்கு உதவியாக இரு" என்று வாழ்த்தியனுப்பினேனே அன்றி, ஒருவரிடமேனும் நவம்பரில் இதைச் சொன்னேனில்லை. எனக்கே தெரியாது. அந்தப் பெண் அவ்வாண்டுக் கோடையில் தாயோடு உப்பளத்துக்குச் சென்றாள்.

உப்பளத்தில் பணி செய்பவர்களுக்கு இந்தக் கால முறை நன்கு விளங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். மழை ஓய்ந்ததும் வரப்புகளைச் சீர்செய்து, பாத்தியைக் கால்களால் மிதித்து இறுகச் செய்து, கடல்நீரைப் படிப்படியாக மாற்றிப் பாய்ச்ச வேண்டும். கடல்நீரில் உப்புக்கள் நூற்றுக்கு மூன்றரைப் பங்களவில் உள்ளன. போமே அளவில் ஏறக்குறைய 3 பாகை. வெயிலில் வற்றி வற்றி 25 பாகையை எட்டிய பின்னரே சோற்றுப்புப் படியத் தொடங்கும். சித்திரையில் உப்பு வார வேண்டுமென்றால் தையிலேயே பாத்தியில் இறங்க வேண்டும். சித்திரையில் பாத்தி வெட்டியவன் உப்பைக் காணமாட்டான்.

கோடை ஆராய்ச்சிக்கும் இதே முறைதான். செப்டம்பரில் உங்கள் மதிப்பெண் சான்றுகளை ஒழுங்குபடுத்தி வையுங்கள். அக்டோபரில் அறிவிப்புகளைத் தேடுங்கள். அகாதெமிகளின் விண்ணப்பம் பல ஆண்டுகளில் நவம்பரோடு முடிந்துள்ளது. பிற நிறுவனங்களின் கடைசி நாட்கள் அதன்பின் மார்ச்சு வரை ஒவ்வொன்றாக வரும். கோடைக்குரிய விதையைக் கார்த்திகை மழையிலேயே ஊன்ற வேண்டும்.

அடுத்து, எப்படிக் கேட்பது?

விண்ணப்பத்தில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் உங்கள் தலைவிதியை முடிவு செய்யும். ஒன்று, நீங்கள் எதை ஆராய விரும்புகின்றீர்கள் என்னும் சிறு குறிப்பு. மற்றொன்று, உங்களை நன்கறிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் அப்பெண் குறிப்பை எழுதிக் கொண்டு வந்தாள். "சிறு வயது முதலே எனக்கு விஞ்ஞானத்தில் அளவிலா ஆர்வம் உண்டு, நாட்டுக்குத் தொண்டாற்ற விரும்புகின்றேன்" என்று அது தொடங்கியது. நல்லெண்ணம்தான். ஆயினும் ஆயிரம் விண்ணப்பங்களில் இதே வரி இருக்கும். நான் அத்தாளை ஒருபுறம் வைத்துவிட்டு, "உன் தாயார் வேலை செய்யும் பாத்தியில் உனக்குப் புரியாதது ஏதேனும் உண்டா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "கடைசிப் பாத்தித் தண்ணீர் சில சமயம் செந்நிறமாக மாறுகிறதே, அது ஏன் ஐயா?" என்றாள்.

அது கேள்வி! மிகச் செறிந்த உப்புநீரில் வாழவல்ல நுண்ணுயிர்களும், டுனாலியெல்லா என்னும் நுண்பாசியும் அந்நிறத்தைத் தருகின்றன. கேரட்டுக் கிழங்குக்கு நிறமூட்டும் அதே வகைப் பொருளை அப்பாசி தன்னுள் சேர்த்து வைக்கின்றது. செந்நிற நீர் சூரிய வெப்பத்தை மிகுதியாக ஏற்பதால் விரைந்து ஆவியாகும் என்றும் அறிஞர் கூறுவர். அவள் நூல்களில் தேடிப் படித்து, மூன்று வாரத்துக்குப் பின் புதிய குறிப்பைக் கொண்டு வந்தாள். எங்கள் ஊர்ப் பாத்தி நீரின் நிறம் எந்தச் செறிவில் மாறுகின்றது, அதை எவ்வாறு அளக்கலாம், அதற்குத் தான் கற்க வேண்டிய முறை எது என்று ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாள். அதில் "ஆர்வம்" என்ற சொல்லே இல்லை. அதைப் படித்தவர் எவரும் அவளுக்கு ஆர்வமில்லை என்று சொல்லியிருக்க முடியாது.

பரிந்துரைக் கடிதமும் அப்படியே. மாணவர் பெரும்பாலோர் துறைத் தலைவரிடம் கடைசி நாளன்று ஓடுகின்றனர். அவர் பெயரைக்கூட அறியாத மாணவருக்கு அவர் என்ன எழுதுவார்? ஒழுக்கமானவர், உழைப்பாளி என்று எழுதுவார். உங்கள் செய்முறைக் குறிப்பேட்டைத் திருத்தியவர், உங்கள் கேள்விகளுக்கு விடை சொன்னவர் யாரோ அவரை நாடுங்கள். இரண்டு வாரம் முன்னதாகக் கேளுங்கள். உங்கள் குறிப்பின் படியொன்றை அவரிடம் கொடுங்கள். இராமானுஜனுக்காக எழுதிய கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைக் கண்டபின் எழுதினார் என்பதை மறவாதீர்கள்.

திட்டங்களுக்கு விண்ணப்பிப்பதோடு நில்லாமல், விஞ்ஞானிகளுக்கு நேரே கடிதம் எழுதுவதும் ஒரு வழி. இதற்குச் சில மரபுகள் உண்டு. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். அது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஒருவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையேனும் முயன்று படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஐயத்தைக் குறிப்பிடுங்கள். நீங்கள் யார், எந்த ஆண்டில் பயில்கின்றீர்கள், எந்த மாதங்களில் வரமுடியும் என்பவற்றைப் பத்து வரிகளுக்குள் சொல்லுங்கள். உதவித்தொகை கிடைக்குமா, தங்குமிடம் உண்டா என்று பணிவோடும் தெளிவோடும் கேளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால் தவறாக எண்ணுவாரோ என்ற அச்சம் வேண்டாம். ஊதியமின்றி வர இயலாத நிலையை மறைத்துவிட்டுப் பின்னர் வராமல் நிற்பதே இருவர்க்கும் துன்பம்.

எந்த நிலையங்களுக்கு எழுதுவது? நீங்கள் விரும்பும் பொருளை ஆராயும் நிலையத்துக்கு. உப்பையும் கடற்பாசியையும் பற்றி அறிய வேண்டுமாயின், 1954-இல் பாவ்நகரில் திறக்கப்பெற்ற மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அதன் கிளை நம் மண்டபத்திலேயே இருக்கின்றது. மின்வேதியியல் என்றால் காரைக்குடி. வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் வழங்கியதால் அங்கே எழுந்த மத்திய ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது. கடல்வாழ் உயிர்களென்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் மையம் உண்டு. எங்களுக்கு அண்மையில் புதுச்சேரிப் பல்கலைக் கழகம் உண்டு. தொலைவிலுள்ள பெரும் பெயர்களை மட்டும் நாடி, பேருந்தில் சென்றடையும் தொலைவிலுள்ளவற்றை மறந்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கோடைப் பயிற்சி என்ற பெயரில் மாணவரிடமே பணம் வாங்கிக் கொண்டு, சில நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பவர் பலர் இன்று இருக்கின்றனர். அவற்றுள் சில பயனுள்ள வகுப்புகளாகவும் இருக்கலாம். ஆனால் அது வேறு. நான் கூறும் ஆராய்ச்சிப் பணி வேறு. இனங்காண எளிய வழி ஒன்று உண்டு. யார் யாருக்குப் பணம் தருகின்றார் என்று பாருங்கள். உங்கள் தாய் கழுத்திலுள்ளதை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தி ஒரு சான்றிதழைப் பெற வேண்டியதில்லை.

பண விஷயத்தில் மற்றொன்றும் உண்டு. உதவித்தொகை பல இடங்களில் முன்பணமாக வருவதில்லை. பணி முடிந்த பின்னரோ, மாதக் கடைசியிலோ வரும். பயணச் செலவும் அவ்வாறே, சீட்டைக் காட்டிய பின்னரே கிடைக்கும். ஆகவே முதல் மாதத்துக்கு உணவு, தங்குமிடம், பயணம் ஆகியவற்றுக்குக் கையில் தொகை வேண்டும். இதை முன்னரே அறியாமையால் இடம் கிடைத்தும் போகாமல் நின்றவர் உண்டு. இடம் கிடைத்த கடிதம் வந்தவுடனே, தொகை எப்போது தரப்படும், விடுதிக்கு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று இருக்கட்டும். கல்லூரி ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் அந்த முதல் மாதச் செலவைக் கடனாகக் கொடுத்துதவினால், அதைவிடச் சிறந்த கல்விக் கொடை இல்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அகாதெமிகளின் திட்டத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. அவள் எழுதிய ஏழு கடிதங்களில் ஐந்துக்கு விடையே வரவில்லை. ஒருவர் இவ்வாண்டு இடமில்லை என்று எழுதினார். ஏழாமவர் அவளுடைய கேள்வியில் ஒரு திருத்தம் சொல்லி, தம் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரச் சொன்னார். தம் திட்ட நிதியிலிருந்து மாதந்தோறும் சிறு தொகை தருவதாகவும் எழுதியிருந்தார். ஒரு விடைக்கு ஏழு கடிதங்கள் வேண்டியிருந்தன என்பதை நீங்கள் மனத்தில் கொள்ளுங்கள். மறுப்பு வந்தால் அது உங்கள் அறிவுக்கு இட்ட மதிப்பெண் ஆகாது; இடங்கள் குறைவு, கேட்பவர் மிகுதி.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். "என்னம்மா செய்தாய்?" என்றேன். "கண்ணாடிக் கருவிகளைக் கழுவினேன் ஐயா. ஒரே அளவீட்டை நாற்பது முறை செய்தேன். முப்பத்தெட்டு முறை தவறாக வந்தது" என்று சிரித்தாள். ஆராய்ச்சி என்பது அதுதான் என்றேன். பாடநூல் முடிவை மட்டும் சொல்கின்றது. அந்த முப்பத்தெட்டுத் தவறுகளை ஆராய்ச்சிக்கூடம் மட்டுமே கற்பிக்கும். தவற்றின் காரணத்தைத் தேடுவதற்குப் பொறுமை உண்டா இல்லையா என்று ஒருவர் தம்மைத் தாமே அறிந்துகொள்ளவும் அதுவே இடம். அவ்வாராய்ச்சி தமக்கு உகந்ததன்று என்று கண்டு திரும்பினாலும் நட்டமில்லை; இருபது வயதில் இரண்டு மாதச் செலவில் அறிந்தது, முப்பது வயதில் அறிவதைவிட மேலல்லவா? இவளோ மேலே படிக்க விரும்பினாள். வந்த தொகையில் அவள் தாய் வாங்கிய பயணக் கடனை அடைத்து, எஞ்சியதை வீட்டில் கொடுத்தாள். உப்பளக் கூலியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது என்று தாய் என்னிடம் சொன்னபோது, அவள் முகத்தில் கண்ட நிறைவு இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

இறுதியாக ஒன்று. 2023-ஆம் ஆண்டு மே திங்களில் எக்கியார்குப்பத்தின் பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தது. மெதனால் கலந்த நச்சுச் சாராயத்தைக் குடித்து உழைப்பாளர் பலர் மாண்ட துயரச் செய்தி அது. சாராயத்திலுள்ள எதனாலுக்கும் அந்த நஞ்சுக்கும் மூலக்கூறில் ஒரு கரி அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுமே வேறுபாடு. கண்ணாலோ மூக்காலோ அதைப் பிரித்தறிய இயலாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையையும் உயிரையும் பறிக்கின்றது. அந்நாட்களில் எங்கள் ஊரில் பலரும் கேட்டது, "அதில் என்னதான் இருந்தது?" என்பதே. அதற்கு விடை சொல்ல வெளியூரிலிருந்து அறிஞர் வர வேண்டியிருந்தது.

எங்கள் கடற்கரையின் நீரையும் உப்பையும் மீனையும் நஞ்சையும் ஆராய்ந்து சொல்ல எங்கள் பிள்ளைகளே வல்லவராக வேண்டும். அதற்கு அவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலை ஒருமுறையேனும் கடந்திருக்க வேண்டும். பணமில்லாத வீட்டுப் பிள்ளை அவ்வாயிலைக் கடப்பதற்கென்றே அந்த ஊதியம் வைக்கப்பட்டிருக்கின்றது. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

இவ்வாண்டு மழைக்காலம் தொடங்கும்போது, உப்பளங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும் அந்நாட்களில், ஒரு தாளை எடுத்து உங்கள் ஊரில் உங்களுக்குப் புரியாத ஒன்றை எழுதத் தொடங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் என் வேண்டுகோள் அதுவே: நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள், நவம்பரிலேயே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.